ஊசி போட்ட இரவு

தடுப்பு மருந்து எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால் கிடைக்கும் பாதுகாப்பு மட்டும் ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது? தூக்கமும் சாப்பாடும் அதில் எவ்வளவு தூரம் தலையிடுகின்றன?

புதன்கிழமை காலை பத்து மணி. துணை சுகாதார நிலையத்து வராண்டாவில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. தாமதமாக வந்தவர்கள் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மேசை மேல் நீல நிற வேக்சின் கேரியர். கிராம சுகாதார செவிலியர் அதைத் திறந்து, ஐஸ் பேக்குகளுக்கு நடுவிலிருந்து ஒரு குப்பியை எடுத்து, முதலில் லேபிளில் உள்ள சின்ன வட்டத்தைப் பார்க்கிறார். வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வெளுப்பாக இருந்தால், வந்த வழியில் மருந்தில் சூடு ஏறவில்லை என்று அர்த்தம்.

பாட்டியின் மடியில் ஒன்றரை மாதக் குழந்தை. வாயில் ரோட்டா வைரஸ் மருந்து ஐந்து சொட்டு, போலியோ மருந்து இரண்டு சொட்டு. பிறகு வலது கையில் ஓர் ஊசி, தொடைக்கு ஒன்றாக இரண்டு ஊசி. வீறிட்டு அழும் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பாட்டி கேட்கிறார்:

“ஏம்மா நர்சு, இன்னிக்குத் தண்ணி ஊத்தலாமா?”

“ஊத்தலாம் பாட்டி. ஊசி போட்ட இடத்த மட்டும் தேய்க்காதீங்க.”

“பெத்தவ மீன் கொழம்பு திங்கலாமா? பால் வழியா பிள்ளைக்குச் சேராமப் போயிடாதே?”

“எல்லாம் சாப்பிடட்டும். அவங்க சாப்பிட்டாத்தானே பால் ஊறும்? இப்பவே அந்தப் பக்கமா உக்காந்து பால் குடுக்கச் சொல்லுங்க. அரை மணி நேரம் இருந்துட்டுத்தான் போகணும்.”

“காய்ச்சல் மருந்த இப்பவே ஊத்திடவா?”

“காய்ச்சல் அடிச்சா மட்டும்.”

இதில் எதுவும் அசட்டுக் கேள்வி இல்லை. 2021 ஜனவரி 16-ல் கொரோனா தடுப்பூசி தொடங்கியபோது, படித்தவர்கள் வரிசையில் நின்று கேட்டதும் இவற்றைத்தான். கோழி சாப்பிட்டால் சூடு ஏறுமா, தலைக்குக் குளிக்கலாமா, குடியை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொரு மையத்திலும் கேட்டார்கள். அரைகுறை பதில்கள் வாட்ஸ்அப்பில் பறந்தன. ஆனால் உண்மையிலேயே பலனைப் பாதிக்கக்கூடிய ஒன்றை யாருமே கேட்கவில்லை: “நேற்று ராத்திரி நான் தூங்கவில்லை. பரவாயில்லையா?”

அக்குளில் நெறி கட்டுவது ஏன்?

மருந்து தசைக்குள் இறங்கியதும், அங்கே காவலில் இருக்கும் செல்கள் அதை விழுங்கி, அதன் துண்டுகளைப் பக்கத்து நிணநீர் முடிச்சுக்கு எடுத்துப் போகின்றன. கையில் ஊசி போட்டால் சிலருக்கு அக்குளில் நெறி கட்டுவது இதனால்தான். அந்த முடிச்சுக்குள் டி செல்கள் துண்டுகளை அடையாளம் கண்டு, பி செல்களை முடுக்கிவிடுகின்றன. பி செல்கள் பெருகி ஆன்டிபாடி தயாரிக்கின்றன. ஒரு பகுதி செல்கள் நினைவு செல்களாகத் தங்கி, நிஜமான கிருமி வரும் நாளுக்காகக் காத்திருக்கின்றன. ஊசி போடுவது சில விநாடி வேலை. இதெல்லாம் நடந்து முடிய இரண்டு, மூன்று வாரம் ஆகும்.

முன்னிரவின் ஆழ்ந்த உறக்கத்தில் வளர்ச்சி ஹார்மோன் கூடுகிறது. நோய் எதிர்ப்பை அடக்கி வைக்கும் கார்டிசோல் மிகக் குறைந்த அளவுக்கு இறங்குகிறது. டி செல்கள் ரத்த ஓட்டத்திலிருந்து விலகி நிணநீர் முடிச்சுகளுக்குள் ஒதுங்குகின்றன. மேலே சொன்ன அறிமுகமும் முடுக்கமும் நடக்க இதைவிடத் தோதான நேரம் உடம்புக்கு வேறு கிடையாது. ஊசி போட்ட அன்று இரவு விழித்திருப்பவர் இந்த நேரத்தை இழக்கிறார்.

இரவு ஒரு மணி முதல் ஐந்து மணி வரை

இதைச் சோதித்துப் பார்த்த முக்கியமான ஆய்வு சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்தது, 2002-ல் வெளியானது. ஆரோக்கியமான 25 இளைஞர்கள். அவர்களில் 11 பேருக்கு இரவு ஒரு மணி முதல் ஐந்து மணி வரை மட்டுமே படுக்கை. நான்கு இரவுகள் இப்படிக் கழிந்த பின் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட்டார்கள். பத்தாம் நாள் ரத்தத்தைச் சோதித்தால், வழக்கம்போலத் தூங்கிய 14 பேருக்கு இருந்த ஆன்டிபாடியில் பாதிகூட இவர்களுக்கு இல்லை. பின்னர், குறைவாகத் தூங்கியவர்களை நன்றாகத் தூங்கவிட்டார்கள். மூன்று, நான்கு வாரத்தில் இரு குழுவும் சமமாகிவிட்டது. ஆறுதலான முடிவுதான். ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஈடுகட்டித் தூங்க வாய்ப்பிருக்கிறது? அதோடு, ஃப்ளூ பரவும் காலத்தில் ஊசி போட்டுக்கொண்டவருக்கு அந்த இரண்டு வாரத் தாமதமே ஆபத்தாகலாம்.

ஜெர்மனியின் லூபெக் நகர ஆய்வாளர்கள் கேள்வியை இன்னும் கூர்மையாக்கினார்கள். ஊசி போட்ட அந்த ஓர் இரவு மட்டும் தூங்காவிட்டால்? காலையில் ஹெபடைடிஸ்-ஏ ஊசி. ஒரு குழு இரவு தூங்கியது, இன்னொரு குழு விடிய விடிய விழித்திருந்து மறுநாள் இரவுதான் படுத்தது. நான்கு வாரம் கழித்து, தூங்கியவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆன்டிபாடி. 2011-ல் அதே குழுவினர் மூன்று டோஸ் ஊசியோடு மறுபடி செய்து பார்த்தபோது, அந்தக் கிருமிக்கென்றே உருவான டி செல்கள் தூங்கியவர்களிடம் இரட்டிப்பாக இருந்தன. ஓர் ஆண்டு கழித்தும் வித்தியாசம் மறையவில்லை.

இவை மூன்றுமே சின்ன ஆய்வுகள், ஆய்வகத்தில் நடந்தவை. வீட்டில், அவரவர் வழக்கப்படி தூங்குகிறவர்களின் நிலை என்ன? 2012-ல் அமெரிக்காவில் ஏரிக் பிராதர் குழுவினர் 40 முதல் 60 வயதுக்குட்பட்ட 125 பேருக்கு ஹெபடைடிஸ்-பி ஊசி மூன்று டோஸ் போட்டு, அவர்களில் பலரின் தூக்கத்தை மணிக்கட்டில் கட்டிய கருவியால் அளந்தார்கள். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிடப் பாதுகாப்பு கிடைக்காமல் போகும் வாய்ப்பு 11 மடங்குக்கும் அதிகம்.

2023-ல் இத்தகைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசியதில், ஆறு மணி நேரத்துக்குக் கீழான தூக்கம் ஆன்டிபாடியைக் கணிசமாகக் குறைக்கிறது என்பது ஆண்களிடம் தெளிவாகத் தெரிந்தது. பெண்களிடம் அவ்வளவு தெளிவில்லை. மாதவிலக்குச் சுழற்சி, கருத்தடை மாத்திரை, மாதவிடாய் நிற்கும் பருவம் என்று ஹார்மோன் மாறிக்கொண்டே இருப்பதை அந்த ஆய்வுகள் கணக்கில் எடுக்கவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. வேலைக்கும் போய், வீட்டில் கடைசியாகப் படுத்து முதலில் எழுகிறவர்கள் பெண்கள். அவர்களைப் பற்றிய தரவு தெளிவில்லாமல் கிடப்பது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

நைட் டூட்டியின் விலை

ஒரு மருத்துவமனை செவிலியரின் நாளை நினைத்துப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு வார்டுக்குள் போனவர் காலை எட்டு மணிக்குப் பொறுப்பை ஒப்படைக்கிறார். “ஸ்டாஃப் கிளினிக்ல உங்களுக்கு ஹெபடைடிஸ் ஊசி பாக்கி இருக்கு, முடிச்சுட்டுப் போயிடுங்க” என்று சொல்கிறார்கள். கையை நீட்டிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார். வீட்டில் சமையல், குழந்தைக்கு மதியச் சாப்பாடு, துணி. மூன்று மணி நேரம் கண்ணயர்ந்து, மறுபடி நைட் டூட்டி. சிகாகோவில் சோதனைக்காக உருவாக்கிய நிலை இங்கே சம்பளத்துக்காக வருடம் முழுக்க நடக்கிறது. பிரேசிலில் இரவுப் பணியாளர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி ஒன்றைப் போட்டுப் பார்த்ததில், பகல் பணியாளர்களைவிட அவர்களின் எதிர்வினை பலவீனமாகவே இருந்தது.

இதன் விளைவை யோசியுங்கள். ஹெபடைடிஸ்-பி கிருமி உள்ள நோயாளிக்குப் போட்ட ஊசி, பாதுகாப்பில்லாத ஒருவரின் விரலில் குத்தினால் தொற்றும் வாய்ப்பு 100-க்கு 6 முதல் 30 வரை. எந்தப் பணியாளருக்கு அந்த ஊசி அதிகம் குத்துமோ, அதே தூங்காத பணியாளருக்குத்தான் தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காமல் போக வாய்ப்பிருக்கிறது. கார்டில் மூன்று டோஸுக்கும் தேதி இருக்கும்; ‘நான் போட்டாச்சு’ என்ற நம்பிக்கையும் இருக்கும். உள்ளே பாதுகாப்பு உருவானதா என்று மட்டும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை ஷிஃப்ட், ஓஎம்ஆர் சாலையில் அமெரிக்க நேரத்துக்கு விழித்திருக்கும் அலுவலகங்கள், விடிய விடிய ஓடும் லாரி, ஏடிஎம் வாசல் காவலாளி என்று இந்தப் பட்டியல் நீளும். தூக்கத்தைத் தனிமனித ஒழுக்கமாகப் பேசுவது நம் ஊரில் வழக்கம். நேரத்துக்குப் படுக்க அவர்களுக்கு ஆசை இல்லாமலா இருக்கிறது?

பெட்டிச் செய்தி: ஹெபடைடிஸ்-பி ஊசி பிடித்ததா?

பெரியவர்களுக்கு 0, 1, 6 மாதங்களில் மூன்று டோஸ்.

மூன்றாவது டோஸுக்குப் பிறகு ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் ஆன்டிபாடி அளவைச் சோதிக்கலாம். மருத்துவப் பணியாளர்களுக்கு இது அவசியம். அளவு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு.

10-க்குக் குறைந்தால் மீண்டும் ஒரு சுற்று போட வேண்டும். ஆரோக்கியமான பெரியவர்களிலும் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு முதல் சுற்றில் பிடிப்பதில்லை. வயது, புகை, உடல் பருமன், சர்க்கரை நோய் ஆகியவை இந்த எண்ணிக்கையைக் கூட்டும்.

மீன் குழம்பு குற்றவாளி அல்ல

இனி பாட்டியின் இரண்டாவது கேள்வி. ஊசி அன்று சாப்பிட்ட ஒரு வேளைச் சாப்பாடு, மீனோ கோழியோ கத்திரிக்காயோ, தடுப்பூசியைக் கெடுப்பதும் இல்லை, தூக்கி நிறுத்துவதும் இல்லை. பத்தியம் தேவையே இல்லை. கணக்கில் வருவது மாதக்கணக்கில் உடம்புக்குள் சேர்ந்த சத்து, அல்லது சேராமல் போன சத்து. ஆன்டிபாடியே ஒரு புரதம்தான். அதைச் செய்யும் செல்கள் வேகமாகப் பெருக இரும்பும் துத்தநாகமும் வைட்டமின்-ஏயும் தேவை.

பெல்ஃபாஸ்ட் ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டியது. காய், பழம் குறைவாகச் சாப்பிட்டு வந்த 65 முதல் 85 வயது முதியவர்கள் 83 பேர். பாதிப் பேர் பழைய பழக்கத்தைத் தொடர, மீதிப் பேர் தினம் ஐந்து பங்கு காய், பழம் என்று 16 வாரம் சாப்பிட்டார்கள். நடுவில் நிமோனியா தடுப்பூசி. காய், பழத்தைக் கூட்டியவர்களுக்கு அந்த ஊசி நன்றாகப் பிடித்தது. அதே நேரம் போட்ட டெட்டனஸ் ஊசியில் வித்தியாசம் இல்லை. உணவு எல்லா ஊசியிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பதை இதிலிருந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் சத்து மாத்திரை போதுமே என்று தோன்றும். 1997-ல் பாஸ்டன் நகரில், 65 வயது தாண்டியவர்களுக்குத் தினம் 200 மி.கி. வைட்டமின்-இ கொடுத்ததில் ஹெபடைடிஸ்-பி ஆன்டிபாடி ஆறு மடங்கு உயர்ந்தது உண்மை. ஆனால் டிப்தீரியா ஊசியில் மாற்றமில்லை. கொரோனா காலத்தில் மாத்திரை மாத்திரையாக விழுங்கப்பட்ட வைட்டமின்-டி, பிரிட்டனில் பெரிய அளவில் சோதிக்கப்பட்டபோது தடுப்பூசியின் பலனைக் கூட்டவில்லை. ஊசிக்கு முதல் வாரம் மருந்துக் கடையில் ‘இம்யூனிட்டி’ டப்பா வாங்குவது வீண் செலவு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ரத்தசோகை என்னும் ஓட்டை

நமக்கு நிஜமாகவே கவலை தர வேண்டிய ஆய்வு கென்யாவிலிருந்து வந்தது. ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்களும் கென்ய மருத்துவர்களும் சேர்ந்து 2020-ல் வெளியிட்டது. ஊசி போடும் நேரத்தில் ரத்தசோகை இருந்த குழந்தைகளுக்கு டிப்தீரியா, கக்குவான், நிமோனியா ஊசிகளின் எதிர்வினை குறைவாக இருந்தது. இரும்புச் சத்துப் பொடி கலந்த கஞ்சி குடித்த குழந்தைகளுக்கோ தட்டம்மை ஊசி கூடுதலாகப் பிடித்தது.

இதை எடுத்து நம் மாநிலக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் முழுத் தடுப்பூசி போட்டவர்கள். நாட்டுக்கே முன்மாதிரி என்று நாம் பெருமைப்படுகிற எண். அதே ஆய்வில், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம். ஊசியைக் கொண்டு சேர்ப்பதில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய மாநிலம், ஊசியை வாங்கிக்கொள்ளும் உடம்பைத் தயார் செய்வதில் பின்தங்கி நிற்கிறது. கென்யக் குழந்தைகளுக்கு நடந்தது அப்படியே இங்கும் நடக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் இந்த இரண்டு எண்களையும் ஒரே கோப்பில் வைத்து யாராவது பார்க்க வேண்டாமா?

செய்ய வேண்டியவை தெரியாதவையும் அல்ல. தாயின் ரத்தசோகையைக் கர்ப்பத்திலேயே சரிசெய்வது. பிரசவத்தில் தொப்புள் கொடியை அவசரமாக வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுப்பது; இதனால் குழந்தைக்கு மாதக்கணக்கில் உதவும் இரும்பு கிடைக்கிறது. ஆறு மாதம் முடிந்ததும் கஞ்சித் தண்ணீரோடு நிறுத்தாமல் பருப்பு, கீரை, முட்டை, ஈரல், கேழ்வரகு என்று தொடங்குவது. ஆறு மாதத்திலிருந்து வாரம் இருமுறை தர வேண்டிய இரும்புச் சத்து சிரப், ‘மலம் கறுப்பாப் போவுது’ என்ற பயத்தில் எத்தனை வீடுகளில் அலமாரியிலேயே நிற்கிறது! மலம் கறுப்பது இரும்பினால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை. ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசியோடு தரப்படும் ஒரு லட்சம் யூனிட் வைட்டமின்-ஏ திரவத்தையும் தவறவிடக் கூடாது.

வேலூர் கற்றுக்கொடுத்தது

வாய்வழிச் சொட்டு மருந்தில் இந்தச் சிக்கலை உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் வேலூர் சிஎம்சி மருத்துவர் ஜேக்கப் ஜான். பணக்கார நாடுகளில் மூன்று டோஸில் வேலை செய்த போலியோ சொட்டு மருந்து, வேலூர்க் குழந்தைகளிடம் அந்த அளவு பிடிக்கவில்லை என்று 1972-லேயே எழுதினார். கூடுதல் டோஸ் தேவை என்று அவர் வாதாடினார். 1995-ல் தொடங்கிய பல்ஸ் போலியோ சுற்றுகளில் நம் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து கொடுத்த காரணம் இங்கேதான் இருக்கிறது. இயற்கைப் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட நாட்டின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டார்.

ரோட்டா வைரஸ் மருந்திலும் அதே கதை. டெல்லி, புனே, வேலூரில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட இந்தியத் தயாரிப்பு, கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் சுமார் 56 சதவீதம் தடுத்தது. பணக்கார நாடுகளில் ரோட்டா மருந்துகளின் பலன் 85 சதவீதத்துக்கு மேல். ஏன் இந்த இடைவெளி? தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி, குடலில் ஏற்கெனவே குடியேறிய வேறு வைரஸ்கள், அசுத்த நீரால் ஓயாமல் புண்படும் குடல் என்று பல காரணங்கள். துத்தநாகமும் நன்மை செய்யும் பாக்டீரியாவும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய திருப்பம் வரவில்லை. ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்தும் போலியோ மருந்து கூடுதலாகப் பிடிக்கவில்லை. சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தாய்ப்பாலை நிறுத்திப் பார்த்ததும் தோல்வியே. ஆகவே பால் கொடுங்கள் என்று செவிலியர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. குழாயில் வரும் குடிநீரையும் கழிவுநீர்க் கால்வாயையும் சரிசெய்வதற்கு மாற்றாக ஒரு மாத்திரை கிடையாது என்பதே இந்த முயற்சிகளிலிருந்து நான் புரிந்துகொள்வது.

பசியின் மறுமுனையிலும் பிரச்னை உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா ஆய்வில், ஃப்ளூ ஊசி போட்டவர்களிலேயே உடல் பருமன் உள்ளவர்களுக்கு ஃப்ளூ அல்லது அது போன்ற காய்ச்சல் வரும் வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. மேலே சொன்ன தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். ஒரே தெருவில், சில நேரம் ஒரே வீட்டில், ரத்தசோகைக் குழந்தையும் பருமனான தாயும் இருக்கிறார்கள். ரேஷன் அரிசியும் எண்ணெய்ப் பலகாரமும் வயிற்றை நிரப்புகின்றன. பருப்பும் காயும் பழமும் விலை ஏறி எட்டாத உயரத்தில் நிற்கின்றன.

பெட்டிச் செய்தி: ஊசிக்கு முன்னும் பின்னும்

தூக்கம்: ஊசிக்கு முந்தைய சில இரவுகளும் ஊசி போட்ட இரவும் ஏழு மணி நேரமாவது தூங்கப் பாருங்கள். ஷிஃப்ட் வேலை என்றால், வார விடுமுறையை ஒட்டி ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

நேரம்: பிரிட்டனில் 65 வயது தாண்டிய 276 பேரிடம் நடந்த ஆய்வில், காலையில் போட்ட ஃப்ளூ ஊசி பிற்பகலில் போட்டதைவிட நன்றாகப் பிடித்தது. எல்லா ஊசிக்கும் இது பொருந்தும் என்று நிரூபணமாகவில்லை. வசதிப்பட்டால் காலையில் போங்கள்.

பாராசிட்டமால்: செக் நாட்டில் 459 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், காய்ச்சல் வருமுன்பே கொடுத்த பாராசிட்டமால் ஆன்டிபாடியைச் சற்றுக் குறைத்தது. காய்ச்சலோ வலியோ வந்த பிறகு, டாக்டர் சொன்ன அளவில் கொடுக்கலாம்.

மது: 2020 டிசம்பரில் ரஷ்ய அதிகாரி ஒருவர், அந்நாட்டுக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்பவர்கள் 42 நாள் குடிக்கக் கூடாது என்றார், அந்த மருந்தை உருவாக்கியவரே மூன்று நாள் போதும் என்றார். நீண்ட நாள் குடிநோயாளிகளுக்கு ஹெபடைடிஸ்-பி ஊசி சரியாகப் பிடிப்பதில்லை என்பது மட்டும் உறுதி.

எடை குறைந்த குழந்தை: தடுப்பூசியைத் தள்ளிப்போடக் காரணமே அல்ல. அந்தக் குழந்தைக்குத்தான் ஊசி முதலில் தேவை. தட்டம்மையும் நிமோனியாவும் அதைத்தான் முதலில் வீழ்த்தும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘தூக்கம் சரியில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று யாரும் ஊசியை ஒத்திப்போட வேண்டாம். இங்கே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை அளந்தது ஆன்டிபாடியை. நோய் வந்ததா, உயிர் போனதா என்பதை அல்ல. அரைத்தூக்கத்தில் போட்ட ஊசியும் போடாத ஊசியைவிட ஆயிரம் மடங்கு மேல். டோஸ்களை முடிப்பதுதான் முதல் வேலை. தூக்கமும் சாப்பாடும் அதற்கு அடுத்தபடி.

மருத்துவமனை நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊழியருக்குத் தடுப்பூசி போடும் நாளுக்கு முந்தைய இரவும், போட்ட இரவும் நைட் டூட்டி போடாதீர்கள். ஹெபடைடிஸ்-பி மூன்றாம் டோஸ் முடிந்த ஒவ்வொரு செவிலியருக்கும், துப்புரவுப் பணியாளருக்கும், பயிற்சி மருத்துவருக்கும் ஆன்டிபாடி அளவைச் சோதித்து, முடிவை அவர்கள் கையிலேயே கொடுங்கள். இரண்டாவதற்குக் கொஞ்சம் பணம் செலவாகும். முதலாவதற்கு எந்தச் செலவும் இல்லை. டூட்டி லிஸ்ட்டில் இரண்டு பெயர்களை இடம் மாற்றி எழுதினால் போதும்.